முடி மாற்று சிகிச்சையில் கிராஃப்டை எண்ணாதீர்கள், முடியை எண்ணுங்கள்

ஒரு கிளினிக் கிராஃப்டுக்கு 30 ரூபாய் என்கிறது, இன்னொன்று 60 ரூபாய் என்கிறது. முதலாவது பாதி விலை என்றுதான் யாருக்கும் தோன்றும். கிராஃப்ட் என்பது கிலோ, லிட்டர் போல நிலையான அளவாக இருந்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் அது தலைத்தோலிலிருந்து எடுக்கும் ஒரு சிறு துணுக்கு. அதில் ஒரு முடி இருக்கலாம், நான்கும் இருக்கலாம். பூவை முழக்கணக்கில் வாங்குவது போலத்தான். முழம் ஒன்றாகவே இருந்தாலும், நெருக்கிக் கட்டியிருக்கிறார்களா இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தலைமுடி ஒவ்வொன்றாகத் தனியே முளைப்பதில்லை. ஒன்று முதல் நான்கு முடி வரை ஒரு கொத்தாக, ஒரே துளையிலிருந்தோ மிக அருகருகிலோ வெளிவரும். இப்போது நல்ல மருத்துவர்கள் நடுவது இந்த இயற்கையான கொத்தை அப்படியே. சராசரியாக ஒரு கொத்துக்கு 2 முதல் 2.3 முடி இருக்கும்.

எப்போதும் இப்படி இல்லை. 1950களில் நியூயார்க்கில் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது 4 மி.மீ. அகலத் துணுக்குகளை வெட்டி நட்டார்கள். ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது முடி. பிடரி முடியை எங்கே நட்டாலும் அது பிடரி முடியின் குணத்தோடே வளரும், சொட்டை விழாது என்பதை அவர் 1959-இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றுவரை இந்தத் தொழில் நிற்பது அந்த உண்மையின் மேல்தான். முடி வளர்ந்தது, ஆனால் பொம்மைத் தலையில் குத்திய நார் போலத் திட்டுத் திட்டாக நின்றது. பிறகு மினி கிராஃப்ட், மைக்ரோ கிராஃப்ட் என்று அளவு குறைந்தது. 1980களின் இறுதியில் டெக்சாஸில் மருத்துவர் பாபி லிம்மர் நுண்ணோக்கியின் கீழ் கொத்து கொத்தாகப் பிரிக்கத் தொடங்கினார். 1990களின் நடுவில் அதுவே நெறியானது. அளவு சிறுத்தபோது இயல்பான தோற்றம் வந்தது, கூடவே வேலை நேரமும் செலவும் ஏறின.

முதலில் உங்கள் சொட்டையை அளந்துகொள்ளுங்கள்

ஆலோசனைக்குப் போகும் முன்பே இதை வீட்டில் செய்துவிடலாம். சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய ஒட்டும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் இறுக்கிப் போர்த்தி, முடி இல்லாத அல்லது மிக மெலிந்த பகுதியின் எல்லையை மார்க்கர் பேனாவால் இன்னொருவரை வரையச் சொல்லுங்கள். முன்நெற்றிக் கோடு எங்கே வரவேண்டும் என்பதையும் போட்டுக்கொள்ளுங்கள். தாளை எடுத்து கிராஃப் தாளின் மேல் விரித்து சதுர சென்டிமீட்டர்களை எண்ணினால் பரப்பு கிடைத்துவிடும். தலை வளைவானது என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும். பேரம் பேச அது போதும்.

முடி கொட்டாத தலையில் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 70 முதல் 80 கொத்து இருக்கும். அதில் பாதி இருந்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு அடர்த்தி குறைவாகத் தெரியாது. அதனால்தான் 35, 40 கொத்து நட்டால் போதும் என்கிறோம். 60 சதுர செ.மீ. முன்பகுதிச் சொட்டையை எடுத்துக்கொள்வோம். முன்நெற்றிப் பட்டை 15 சதுர செ.மீ., அதற்கு 40 வீதம் 600. பின்னால் உள்ள 45 சதுர செ.மீ.க்கு 35 வீதம் 1,575. மொத்தம் 2,175, அதாவது சுமார் 2,200 கிராஃப்ட். இதே பரப்புக்கு யாராவது 4,500 கிராஃப்ட் என்றால், சதுர செ.மீ.க்கு 75 நடப்போகிறார்கள் என்று பொருள். ஒரே அமர்வில் அவ்வளவு நெருக்கினால் தோலின் ரத்த ஓட்டம் தாங்காது, புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தோலே கருகிப்போகும் ஆபத்து உண்டு. அல்லது கொத்தை உடைத்து எண்ணிக்கையை ஏற்றப்போகிறார்கள்.

முடியின் கனத்தையும் பார்க்கவேண்டும். 80 மைக்ரான் கனமுள்ள முடியின் குறுக்குவெட்டுப் பரப்பு 60 மைக்ரான் முடியைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. ஆகவே ஒரே 2,200 கிராஃப்ட் ஒருவர் தலையை நிறைக்கும், இன்னொருவர் தலையில் மேலோட்டமாகத்தான் மறைக்கும். கறுப்பு முடிக்கு மாநிறத் தோல் கொஞ்சம் கைகொடுக்கும். வெளுத்த தோலில் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

பிடரி ஒரு வங்கி, அதில் மறுபடி பணம் போட முடியாது

எடுக்கும் இடத்தை டோனர் பகுதி என்பார்கள். காதுக்கு மேலே தொடங்கிப் பிடரியைச் சுற்றி மறு காது வரை போகும் பட்டை இது. அங்கே எடுத்த கொத்து திரும்ப முளைக்காது. கொத்துகளை ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்.யூ.இ. முறையில் ஒரு அமர்வில் மூன்று நான்கு கொத்துக்கு ஒன்று என்று பரவலாக எடுக்கவேண்டும். பாதிக்கு மேல் எடுத்தால் பூச்சி அரித்த துணி போல ஆகிவிடும். ஒரே மூலையில் நெருக்கி எடுத்தாலும் அதே கதைதான். "அன்லிமிடெட் கிராஃப்ட்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லையில்லாமல் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வயதில் நெற்றிப் பொட்டுகள் ஏறியதற்காக 3,000 கிராஃப்டைத் தாழ்ந்த முன்நெற்றிக் கோட்டில் கொட்டிவிட்டு, முப்பத்தைந்தில் நடுத்தலையும் சுழியும் போனபின் கையிருப்பு இல்லாமல் நிற்பது இந்தத் துறையின் வாடிக்கையான சோகம். பிடரியிலேயே முடி மெலிந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையே பொருந்தாது. முடியையும் தோலையும் பெரிதாக்கிக் காட்டும் டிரைகோஸ்கோப் வைத்துப் பிடரியைப் பார்க்காமல் கிராஃப்ட் எண் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தாடி முடியைக் கூடுதல் இருப்பாகப் பயன்படுத்தலாம். அது பெரும்பாலும் ஒற்றை முடி, கனமானது, சுருள்வது. நடுத்தலையிலும் சுழியிலும் மற்ற முடியோடு கலந்து நட்டால் பலன் தரும். முன்வரிசையில் நட்டால் கம்பி போல நிற்கும்.

பட்டையாக வெட்டுவதா, ஒவ்வொன்றாக எடுப்பதா

எஃப்.யூ.டி. முறையில் பிடரியிலிருந்து ஒரு தோல் பட்டையை வெட்டியெடுத்துத் தைத்துவிடுவார்கள். 1 செ.மீ. அகலம், 26 செ.மீ. நீளம் என்றால், சதுர செ.மீ.க்கு 77 கொத்து வீதம் சுமார் 2,000 கிராஃப்ட் வரும். பட்டையை நுண்ணோக்கியின் கீழ் பிரிப்பதால் வேரைச் சுற்றிக் கொழுப்போடு, குண்டாக, சேதமில்லாமல் கிடைக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் காது முதல் காது வரை ஒரு கோடு நிரந்தரமாக இருக்கும். முடியை ஒரு விரல்கடை வளர்த்தால் மறையும். பழனிக்கும் திருப்பதிக்கும் மொட்டை போடும் வழக்கமுள்ள வீடு என்றால் இதை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள், மொட்டைத் தலையில் அந்தக் கோடு ஒளியாது.

எஃப்.யூ.இ. முறையில் பிடரியை ஒட்ட மழித்து, பஞ்ச் (punch) என்ற சுழலும் குழாய் போன்ற கருவியால் ஒவ்வொரு கொத்தையும் சுற்றி வெட்டி இடுக்கியால் இழுப்பார்கள். கோடு வராது. தழும்பே வராது என்று சொல்வதுதான் பொய். இரண்டாயிரம் சின்னப் புள்ளிகள் வரும், அவை பரந்து கிடப்பதால் கண்ணில் படாது. பஞ்ச் பெரிதானால் படும்.

பஞ்ச் அளவு: 0.2 மி.மீ. என்ன செய்யும்

கேட்க அற்பமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.8 மி.மீ. பஞ்ச் ஒரு துளைக்கு 0.50 சதுர மி.மீ. தோலை எடுக்கிறது. 1.0 மி.மீ. பஞ்ச் 0.79, 1.2 மி.மீ. பஞ்ச் 1.13. 2,000 துளைக்கு முறையே 10, 16, 23 சதுர செ.மீ. காயம். துளைகள் ஆறும்போது சுருங்கும் என்றாலும் வெண்புள்ளியின் அளவு இங்கேதான் தீர்மானமாகிறது.

அப்படியானால் சின்ன பஞ்சே நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். தோலுக்கு மேலே நேராகத் தெரியும் கொத்து, தோலுக்குள் வேர் விரிந்து நிற்கும். மூன்று முடிக் கொத்தை 0.7 மி.மீ. பஞ்சால் சுற்றினால் ஓரத்து வேர் ஒன்று வெட்டுப்படும். வெட்டுப்படாமல் வந்தாலும், சுற்றிக் கொழுப்பும் திசுவும் இல்லாமல் உரித்த நரம்பு போல வரும். அது சீக்கிரம் காய்ந்துபோகும், நடும்போது இடுக்கி பட்டாலே நசுங்கும். ஒற்றை, இரட்டை மெல்லிய முடிக்கு 0.8, பெரும்பாலான தலைக்கு 0.8 முதல் 0.9, கனத்த முடிக்கும் சுருள் முடிக்கும் 1.0 வரை என்பது நடைமுறை. ஆப்பிரிக்கச் சுருள் முடியில் வேரே வளைந்திருப்பதால் இன்னும் அகலம் தேவைப்படலாம்.

வேர் வெட்டுப்படும் விகிதத்தை ஆங்கிலச் சொல்லாகவே டிரான்செக்ஷன் என்பார்கள். கைதேர்ந்தவரிடம் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருக்கும். கூடுவதற்குக் காரணங்கள் பல. முடி சாய்ந்திருக்கும் கோணத்தில் பஞ்சைப் பிடிக்காதது ஒன்று. தேவைக்கு மேல் ஆழம் போவது இன்னொன்று. மழுங்கிய பஞ்சை மாற்றாமல் நூற்றுக்கணக்கில் ஓட்டுவதும் அவசரமும் மீதி. முதல் ஐம்பது கிராஃப்டை எடுத்ததும் நிறுத்தி, உருப்பெருக்கியில் பார்த்து, தேவையானால் பஞ்ச் அளவையும் ஆழத்தையும் மாற்றுபவர்தான் வேலை தெரிந்தவர். "என் தலைக்கு எந்த அளவு பஞ்ச், எப்படி முடிவு செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எண் எதுவாக இருந்தாலும், எல்லாத் தலைக்கும் ஒரே எண் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

நடும் துளை

எடுத்தது பாதி வேலைதான். நடுவதற்கான கீறலை ஸ்லிட் என்பார்கள். கிராஃப்டைவிடப் பெரிதாகக் கீறினால் அது உட்கார்ந்து குழி விழும், பக்கத்துக் கிராஃப்ட் எம்பி வெளியே வரும். சிறிதாகக் கீறினால் திணிக்க வேண்டியிருக்கும், வேர் நசுங்கும். ஒற்றை முடிக்கு 0.6, 0.7 மி.மீ., மூன்று முடிக்கு 1 மி.மீ. வரை என்று கொத்துக்கு ஏற்பக் கத்தி மாறவேண்டும். ஆழமும் அப்படித்தான். அதிக ஆழத்தில் புதைத்தால் உள்ளேயே கட்டியாகும், மேலே நின்றால் தோல் கூழாங்கல் பரப்பியது போலாகும்.

முன்வரிசையில் ஒற்றை முடிக் கிராஃப்ட் மட்டும்தான், ஒழுங்கில்லாமல் முன்பின்னாக, 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைக்கவேண்டும். இரண்டு மூன்று வரிசைக்குப் பின் இரட்டை, அதற்கும் பின்னால் மூன்றும் நான்கும். நெற்றிப் பொட்டில் முடி தோலோடு படிந்தே போகும், சுழியில் சுழலும். முன்வரிசையில் மூன்று முடிக் கொத்து ஒன்று வந்துவிட்டால் போதும், தூரத்திலிருந்தே "நட்டது" என்று தெரிந்துவிடும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற முன்நெற்றியும் அப்படித்தான்.

சஃபையர் (நீலக்கல்) என்று தனி விலை வைப்பது இந்தக் கீறலைப் போடும் கத்தியின் பொருளுக்கு மட்டும். கூர் நீடிக்கும், கீறல் சுத்தமாக விழும். கீறும் கை யாருடையது என்பதை அது மாற்றாது. டி.எச்.ஐ. என்று சொல்வது, கொரியாவில் உருவான சோய் பேனாவில் கிராஃப்டை ஏற்றிக் கீறலும் நடவும் ஒரே குத்தில் செய்வது. நடும்போது இடுக்கி படாததால் வேருக்கு நல்லது, ஏற்கெனவே முடி உள்ள இடத்தில் இடையிடையே நட வசதி, மழிக்காமலும் செய்யலாம். மெதுவாக நடக்கும், ஆட்கள் அதிகம் வேண்டும், ஆகவே விலை கூடும். எடுக்கும் முறை அதற்கும் எஃப்.யூ.இ.தான் என்பதால் பிடரியில் வித்தியாசம் எதுவும் இருக்காது. முழுச் சொட்டைக்கு இதற்காகக் கூடுதலாக அள்ளிக் கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. "பயோ", "ஸ்டெம் செல்" என்று முன்னொட்டு போட்ட பெயர்களைக் கேட்டால், பஞ்ச் எது, எடுப்பவர் யார், கிராஃப்டைப் போட்டுவைக்கும் கரைசல் எது என்று மூன்றையும் கேளுங்கள், பெரும்பாலும் சாதாரண எஃப்.யூ.இ.தான் வெளிவரும்.

வெளியே இருக்கும் நேரமும் ஒரு செலவுதான். ஈரமில்லாமல் கையுறை விரலில் சில நிமிடம் கிடந்தாலே கிராஃப்ட் காய்ந்து செத்துவிடும். குளிர்ந்த சலைன் (உப்புக் கரைசல்) அல்லது ரிங்கர் லாக்டேட்டில் இருந்தாலும் மணிக்குச் சுமார் 1 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்கு எடுத்ததை மாலை ஐந்துக்கு நட்டால் கணக்கு என்ன என்று பாருங்கள். எடுப்பதும் நடுவதும் தவணை தவணையாக மாறி மாறி நடக்கும் இடம் நல்லது.

விலையை இப்படி ஒப்பிடுங்கள்

இந்திய நகரங்களில் கிராஃப்டுக்கு 25 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்கு மேலும் கேட்கிறார்கள். இரண்டு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 40 ரூபாய் வீதம் 2,200 கிராஃப்ட், மொத்தம் 88,000 ரூபாய். கொத்தை உடைக்காததால் சராசரி 2.2 முடி, ஆக 4,840 முடி. இரண்டாம் இடத்தில் 35 ரூபாய்தான், ஆனால் 3,000 கிராஃப்ட், மொத்தம் 1,05,000. கொத்துகளைப் பிளந்து ஒற்றையாக்கியதால் சராசரி 1.5, ஆக 4,500 முடி. முதலாவதில் ஒரு முடிக்கு 18 ரூபாய், இரண்டாவதில் 23. பிளந்த, காய்ந்த கிராஃப்டில் நூற்றுக்கு 75 பிழைத்து, முதலாவதில் 90 பிழைத்தால், வளர்ந்த முடி ஒன்றுக்கு 20 ரூபாயும் 31 ரூபாயும் ஆகிறது. "மலிவு" எங்கே போயிற்று?

அதனால் எழுத்தில் கேட்கவேண்டியது: மொத்த கிராஃப்ட், அதில் ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்றும் நான்கும் எத்தனை. நல்ல இடங்களில் எடுத்ததைத் தட்டில் பத்துப் பத்தாக, ரகம் பிரித்து அடுக்குவார்கள். அந்தத் தட்டுகளைப் படமெடுத்துத் தரச்சொல்லுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள்.

பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. ரத்தப் பரிசோதனை, மருந்து, பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா) ஊசி அமர்வுகள் தனி. பி.ஆர்.பி. இல்லாவிட்டால் நட்டது வளராது என்று பயமுறுத்தினால் நம்பவேண்டாம். மற்ற மருத்துவச் சேவைகளுக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கு அழகுக்காகச் செய்யும் முடி மாற்றுக்குக் கிடையாது, சொன்ன விலையில் வரி சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். மருத்துவக் காப்பீடும் பொதுவாக இதற்குப் பணம் தராது. எல்லாவற்றையும்விட நீளமான செலவு, சொந்த முடியைக் காக்கும் மருந்து. மினாக்சிடிலோ, மருத்துவர் சொன்னால் ஃபினாஸ்டிரைடோ ஆண்டுக்கணக்கில் எடுக்கவேண்டி வரும். அதை நிறுத்தினால் நட்டது அப்படியே இருக்கும், சுற்றியிருப்பது கொட்டும், தீவு போல ஒரு கொத்து மட்டும் மிஞ்சும்.

யார் கை

2016-இல் சென்னையில் முடி மாற்று சிகிச்சை எடுத்த மருத்துவ மாணவர் ஒருவர் உடல்நிலை மோசமாகி இறந்தார். மருத்துவம் படிப்பவருக்கே அந்த நிலை. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட நெறிமுறை, பிளாஸ்டிக் அறுவை அல்லது தோல் மருத்துவத்தில் முறையான பயிற்சி பெற்றவர்களே இதைச் செய்யவேண்டும், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்தது பயிற்சி ஆகாது என்று சொல்கிறது. மருத்துவர் பெயர் பலகையில் மட்டும் இருந்து, துளையிடுவதும் கீறுவதும் டெக்னீஷியன் என்றால் அது குறைந்த விலைக்கு ஒரு காரணம். எடுப்பது, கீறுவது, நடுவது என்ற மூன்றில் எது மருத்துவர் கையால் என்று கேளுங்கள். முதல் இரண்டும் அவர் கையாலேயே நடக்கவேண்டும்.

மரத்துப்போகும் மருந்துக்கும் உச்ச வரம்பு உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. 70 கிலோ ஆளுக்கு 490 மி.கி., 2 சதவீதக் கரைசலில் அது 24 மி.லி.தான். ஒரே நாளில் 5,000 கிராஃப்ட் என்று நீட்டும்போது மறுபடி மறுபடி ஊசி ஏறும், வரம்பு தாண்டினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். மானிட்டரும் ஆக்சிஜனும் அவசர மருந்துத் தட்டும் அறையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே நேரில் பார்த்துவிடுங்கள்.

நட்ட பின்

முதல் சில இரவுகள் தலையை 45 டிகிரி உயர்த்திப் படுக்கவேண்டும். கொடுத்த சலைனை அடிக்கடி தெளிக்கவேண்டும். முதல் தலைக்கழுவல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் கிளினிக்கிலேயே நடக்கும். பத்து நாளுக்குள் கிராஃப்ட் வேர்பிடித்துவிடும், பொருக்கும் ஊறவைத்து மெல்லத் தேய்த்தால் உதிரும். அதுவரை ஹெல்மெட் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டலாம் என்று இதற்கு அர்த்தமில்லை, வண்டியே வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கிறது, பயப்படவேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடி தலைகாட்டும், ஆறு மாதத்தில் பாதி தெரியும், முன்பகுதி முழுதாக வர 12 மாதம், சுழிக்கு 15 முதல் 18 மாதம் வரை ஆகலாம். சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தின் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில், ஈரமில்லாத தலையோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். 12-ஆம் மாதம் போய் டிரைகோஸ்கோப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை கொத்து, எத்தனை முடி என்று எண்ணச்சொல்லி, கையில் உள்ள தட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டாவது அமர்வைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.